சாப்பிட்டவன் பெயரை எழுதாத அடுப்பு

பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து பற்றிக் கேட்டுப் பாருங்கள். 'வட்டியில்லா வங்கி சார்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். ஆடி மாதம் கறிச்சோறு. சாப்பிட்டவர் மொய் செய்வார், நோட்டில் ஏறும். நாளை அவர் விருந்து வைத்தால், வாங்கியவர் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். எத்தனையோ கல்யாணங்களை முடித்துவைத்த பணம் அது. மறுக்கவில்லை.

ஆனால், இதை வைத்து ஒரு தத்துவம் பேசுகிறோமே, அதுதான் இடிக்கிறது. திருப்பித் தர வக்கில்லாதவனுக்குச் சோறு போட்டால் கட்டுப்படியாகாதாம்!

அப்படியா? வடலூர் கணக்கைப் பாருங்கள். 1867 மே 23-ல் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். மூலதனம், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலமும் அன்பர்கள் அனுப்பிய அரிசி பருப்பும். சாதி, மதம் கேட்காமல் பசித்தவனுக்குச் சோறு. 'நாளைக்கு அரிசி இல்லை' என்று நிர்வாகி கையைப் பிசைந்த நாளும் வந்ததாம். மறுநாள் திருத்துறையூரிலிருந்து மூன்று வண்டி பாரம் வந்து இறங்கியதை அற்புதம் என்கிறார்கள் அன்பர்கள். பி.காம். படித்த எனக்குப் பெரிதாகத் தெரிவது முந்தைய ராத்திரிதான். கையிருப்பு பூஜ்யம். அப்போதும் பந்திக்கு விலை வைக்கவில்லை.

பணக்காரர் நடத்திய கதையும் உண்டு. பிரிட்டிஷ் பஞ்சாலை முதலாளி ராபர்ட் ஓவன், 1825-ல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற ஊரையே விலைக்கு வாங்கிச் சமத்துவ சமுதாயம் அமைத்தார். அவரவர் உழைப்புக்குக் கடையில் பற்று வரவு எழுதினார்கள். யார் உழைக்கிறான், யார் சும்மா தின்கிறான் என்று சண்டை. 1827-ல் கதை முடிந்தது. ஓவனின் சொத்தில் பெரும்பகுதி காலி.

நோட்டு வைத்த ஊர் இரண்டே வருடம். வடலூர் அடுப்போ 150 வருடம் தாண்டியும் எரிகிறது. ஒரு படி அரிசி கொடுப்பவனும் அங்கே பங்காளி. சாப்பிட்டவன் யாருக்கும் கடன்காரன் இல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. மரம் விழுந்தது, மொய்க்கடன் விழவில்லை. தோப்பையே இழந்தவன் வீட்டுக்கு மொய் அழைப்பிதழ் வந்தால், அவன் எங்கே போவான்? திருப்பித் தர முடிந்தவனுக்குத்தான் அந்த நோட்டு வங்கி. இல்லாதவனுக்கு அதில் பக்கமே கிடையாது.

மொய்யை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு விருந்திலும் ஒரு பந்தி, ஒரே ஒரு பந்தி, நோட்டு இல்லாமல் போடுங்கள். வள்ளலாருக்காக அது சைவமாகவே இருக்கட்டும். யாரும் வரட்டும், சாப்பிடட்டும், போகட்டும்.

கட்டுப்படியாகாது என்று யாராவது இழுத்தால், வடலூருக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தனுப்ப வேண்டாம்.