டேப் பொய் சொல்லாதாம்!

இது நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். பாதியில் ஓடுகிறவர்களைக் கடைசி பெஞ்சு என்று குறித்து வைத்துக்கொள்வேன்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகன் ஒரு பழைய இசைத்தட்டைப் பகிர்ந்தான். சுப்ரீம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு 1965இல் நியூயார்க்கில் கோப்பகபானா என்ற விடுதியில் பாடிய நேரடி ஒலிப்பதிவு. கூடவே ஒரு தீர்ப்பும் எழுதியிருந்தான். "பெரியம்மா, நல்லா கேளுங்க. டயானா ராஸ் குரல்தான் கேக்குது. மத்த ரெண்டு பேரும் சும்மா ஊ ஊன்னு பின்னாடி நிக்கிறாங்க. ஃப்ளாரன்ஸுக்கு அநியாயம் நடந்துச்சுன்றதெல்லாம் கட்டுக்கதை."

நான் நாலு வரி பதில் போட்டேன். அதை என் பக்கத்திலும் போட்டது தப்பாகப் போயிற்று. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து இன்று பெரிய வேலையில் இருக்கும் ஒரு பெண் வந்து எழுதினாள்: "லைவ் ரெக்கார்டிங் பொய் சொல்லாது டீச்சர். மனுஷங்கதான் பொய் சொல்வாங்க." அதற்கு நாற்பது பேர் விருப்பக்குறி வேறு!

முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்தியவளிடம் இப்படிச் சொன்னால் எப்படித் தூக்கம் வரும்? நான் நடத்திய முதல் பாடமே வீணாய்ப் போயிற்றா என்று ஒரு வருத்தம். ஆகவே சண்டைக்கே வருகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டெட்ராய்ட் நகரத்தில் அரசாங்கக் குடியிருப்புகளில் வளர்ந்த கறுப்பினப் பெண் பிள்ளைகள் 1959இல் பள்ளிப் பருவத்திலேயே சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். 1961இல் பெர்ரி கோர்டியின் மோட்டவுன் நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. 'சுப்ரீம்ஸ்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது ஃப்ளாரன்ஸ் பாலார்ட். கடைசியில் நிலைத்தவர்கள் மூவர்: ஃப்ளாரன்ஸ், மேரி வில்சன், டயானா ராஸ். 1964 முதல் 1969 வரை அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாடல்கள் 12. பீட்டில்ஸ் கொடிகட்டிப் பறந்த காலத்தில், கறுப்பினப் பெண்கள்! எங்கள் வீட்டு ரேடியோவில் என் அண்ணன் சிலோன் ஆங்கில ஒலிபரப்பைத் திருப்பி வைப்பான். அர்த்தம் புரியாமலேயே நான் கைதட்டியதெல்லாம் நினைவிருக்கிறது.

1967இல் ஃப்ளாரன்ஸ் வெளியேற்றப்பட்டார். அவர் இடத்துக்கு சிண்டி பேர்ட்சாங் வந்தார். குழுவின் பெயர் 'டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்' ஆயிற்று. 1970 ஜனவரியில் டயானாவும் தனியே போனார். அதன்பின் ஐம்பது வருடமாக யார் என்ன செய்தார்கள் என்று ஆளாளுக்கு ஒரு நினைவு. மேரி 1986இல் ஒரு புத்தகம் எழுதினார். டயானா 1993இல் ஒன்று எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே குழுவைப் பற்றியா எழுதினார்கள் என்றே சந்தேகம் வரும்.

"அதனாலதான் பெரியம்மா, மனுஷங்க பேச்சை விடுங்க, டேப்பைக் கேளுங்க" என்கிறான் பையன். சரி, கேட்போம்.

முதலில் நீ அனுப்பிய கோப்பா தட்டையே எடுத்துக்கொள்வோம். அந்த நாட்களில் ஃப்ளாரன்ஸுக்கென்று மேடையில் ஒரு தனிப்பாட்டு இருந்தது, 'பீப்பிள்' என்று. அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று மேரி எழுதுகிறார். ஏன் எடுத்தார்கள் என்பதில் ஆளுக்கொரு கதை. அந்தத் தட்டில் 'பீப்பிள்' இருக்கிறதா? இல்லை. அப்படியானால் அந்தத் தட்டு எதை நிரூபிக்கிறது? ஃப்ளாரன்ஸுக்குத் தனியாகப் பாட வராது என்பதையா, பாட விடவில்லை என்பதையா? இரண்டுக்கும் தட்டு ஒரே மாதிரிதானே இருக்கும்? இந்தச் சின்ன விஷயம் உங்கள் நாற்பது பேருக்கும் தோன்றவில்லையே!

இன்னொன்று. அதே தட்டின் கடைசிப் பாட்டைப் பொறுமையாகக் கேள். பொன்னும் பணமும் சந்தோஷம் தராது என்ற பொருளில் டயானா பாடிக்கொண்டு போகும்போது, ஃப்ளாரன்ஸ் குறுக்கே புகுந்து 'அப்படியெல்லாம் எனக்குத் தோணலையே' என்கிற தினுசில் ஒரு போடு போடுகிறார். கூட்டம் சிரிக்கிறது. 'சும்மா பின்னாடி நிக்கிற' பெண் ஒரே வாக்கியத்தில் சபையைத் தன் பக்கம் திருப்புகிறாள். நீ டேப்பை நம்பு என்று எனக்குச் சொல்கிறாய். முதலில் நீ அதை முழுசாகக் கேட்டாயா?

அடுத்தது மைக். ஃப்ளாரன்ஸின் குரல் அவ்வளவு கனமானது, பதிவின்போது அவரை மைக்கிலிருந்து 17 அடி தள்ளி நிற்க வைத்தார்கள் என்று மேரி சொல்லியிருக்கிறார். அது ஸ்டூடியோ விஷயம், கோப்பா மேடை விஷயம் இல்லை. இரண்டையும் குழப்ப மாட்டேன். அடிக்கணக்கில் மேரி கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கட்டும். ஆனாலும் ஒன்று யோசியுங்கள். குரல் பெரிது என்பதற்காகத் தள்ளி நிறுத்துவது. தள்ளி நின்றதால் பதிவில் குரல் சிறிதாக விழுவது. பிறகு அறுபது வருடம் கழித்து ஒரு பையன் செல்போனில் கேட்டுவிட்டு, "இந்தம்மாவுக்குக் குரலே இல்லையே" என்பது. இதற்குப் பெயர் ஆதாரமா?

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்கு மூன்று பெண்களைப் பாடவைத்தேன். ஒலிபெருக்கிக்காரர் கொடுத்தது ஒரே மைக். கேசட்டில் பதிவும் செய்தோம். பல வருடம் அந்தக் கேசட்டை விருந்தினர் வந்தாலெல்லாம் போட்டுக் காட்டினோம். அதில் இரண்டு குரல்தான் கேட்கும். சில வருடங்களுக்கு முன் பழைய மாணவிகள் கூடிய ஒரு மதியம், மூன்றாமவள் சொன்னாள்: "அன்னிக்கு நான் தொண்டை கிழியப் பாடினேன் டீச்சர். கடைசி வரிசையில இருந்த எங்கப்பா வரைக்கும் கேட்டுச்சு." நான் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "கேசட்ல உன் சத்தமே இல்லையேம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் அவள் வரவில்லை.

அந்த 17 அடியைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒத்திகையில் அவள் வாயைத் திறந்தாலே மைக் 'கீ' என்று கத்தியது. "நீ ரெண்டடி பின்னாடி போய் நில்லும்மா" என்று அவள் தோளைப் பிடித்து நகர்த்தியது யார்? நான்தான். நானே தள்ளி நிறுத்திவிட்டு, நானே கேசட்டைச் சாட்சிக்கு அழைத்து, அவளைப் பொய்யாக்கினேன். அவள் அப்பா இப்போது இல்லை. இருந்த ஒரே சாட்சியும் போயாயிற்று. கேசட் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பெயர் சொல்ல மாட்டேன். அவள் இதைப் படிப்பாள். மன்னித்துக்கொள் கண்ணு. அவர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதிவுகளின் யோக்கியதைக்கு இன்னும் இரண்டு உதாரணம்.

ஒன்று, 1969இல் வந்த 'சம்டே வீ வில் பி டுகெதர்'. தட்டின் மேல் அச்சடித்த பெயர் 'டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்'. அதில் டயானாவோடு பாடியிருப்பது மேரியும் இல்லை, சிண்டியும் இல்லை. மேக்ஸின் வாட்டர்ஸ், ஜூலியா வாட்டர்ஸ் என்ற வேறு இரண்டு பாடகிகள். இடையிடையே கேட்கும் ஆண் குரல் ஜானி பிரிஸ்டல். அதற்கு முந்தைய வருடம் முதலிடம் பிடித்த 'லவ் சைல்ட்' பாட்டிலும் பின்குரல் ஆண்டாண்டீஸ் என்ற நிறுவனத்துப் பாடகிகளுடையது. ஆக, முத்திரை குத்திய அதிகாரபூர்வமான தட்டே 'இவர்கள் பாடினார்கள்' என்று பெயர் போட்டு, பாடாதவர்களைக் காட்டியது. பாடியவர்களை மறைத்தது.

ஆனால் 1970 ஜனவரி 14, லாஸ் வேகாஸ், ஃபிரான்டியர் ஹோட்டல். மூவரும் ஒரே குழுவாக நின்ற கடைசி மேடை. அங்கே மேரியும் சிண்டியும் அதே பாட்டை நிஜமாகவே டயானாவோடு பாடினார்கள். அதன் நேரடிப் பதிவும் வெளிவந்தது. ஆகவே அன்றைக்கு அரங்கில் உட்கார்ந்திருந்த யாராவது, "மூணு பேரும் சேர்ந்துதான் அந்தப் பாட்டைப் பாடினாங்க" என்று சொன்னால், தட்டைக் காட்டி அவரை மறுக்காதீர்கள். தட்டும் உண்மை, அவர் நினைவும் உண்மை. இரண்டும் வேறு வேறு நாளைப் பற்றியவை. நினைவு முரண்படுகிறது என்று நாம் கூச்சல் போடுவதில் பாதி இந்த ரகம்தான்.

இரண்டாவது உதாரணம் உங்களுக்கெல்லாம் தெரிந்த இரவு. மைக்கேல் ஜாக்சன் முதல்முதலாக மூன்வாக் ஆடிக்காட்டிய மோட்டவுன் வெள்ளி விழா. 1983 மார்ச் 25இல் பாசடீனாவில் படமாக்கி, மே 16இல் தொலைக்காட்சியில் போட்டார்கள். அந்த மேடையில் டயானா, மேரி, சிண்டி மூவரும் சில நிமிடம் ஒன்றாக நின்றார்கள். மேரி மைக்கில் பெர்ரி கோர்டியை மேடைக்கு அழைத்தபோது, டயானா மேரியின் மைக் பிடித்த கையைக் கீழே தள்ளினார். அரங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மேரி எழுதினார். ஒளிபரப்பில் அது இல்லை, வெட்டிவிட்டார்கள். கோடிக்கணக்கான பேர் 'நேரில் பார்த்தது போல' பார்த்தது வெட்டி ஒட்டியதை. இங்கே எது நம்பகமானது, டேப்பா, மனுஷர்களின் நினைவா?

எங்கள் மகளைப் பார்க்க மிச்சிகன் போயிருந்தபோது, டெட்ராய்டில் மோட்டவுன் நிறுவனம் தொடங்கிய அந்தப் பழைய வீட்டைப் பார்த்தேன். இப்போது அருங்காட்சியகம். நம் ஊர் மாடி வீடு மாதிரிதான் இருக்கிறது. பாட்டை எழுதியவர்கள், பதிவு செய்தவர்கள், எது வெளிவரும் எது அலமாரியில் தூங்கும் என்று முடிவெடுத்தவர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே. அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பதிவு என்பது கேட்டதை எல்லாம் வைத்துக்கொள்ளும் காது இல்லை. அதற்கு ஒரு முதலாளி உண்டு.

"அப்போ நினைவுதான் உண்மையா, டீச்சர்?" என்று மடக்க வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. மேரிக்கும் மனத்தாங்கல் இருந்தது. தனக்குச் சாதகமாக எழுதாத மனிதர் யார்? டயானாவுக்கும் தன் பக்கம் ஒன்று உண்டு. அந்தக் குரலும் உழைப்பும் இல்லாமல் 12 முதலிடம் வந்திருக்காது. பாட்டைப் பிடுங்கியதும் பெயரை மாற்றியதும் நிறுவனத்தின் முடிவுகள். எல்லாப் பழியையும் ஒரு பெண் தலையில் போட்டுவிட்டு முதலாளியை மறந்துவிடுவதும் நமக்குப் பழகிப்போன சௌகரியம்தான். 'ட்ரீம்கேர்ள்ஸ்' படம் பார்த்துவிட்டு எல்லாம் தெரியும் என்று வருகிறவர்களிடம் அதைவிட ஜாக்கிரதையாக இருங்கள். படத்தில் ஒதுக்கப்பட்ட பெண் திரும்பி வந்து ஜெயிக்கிறாள். நிஜத்தில் ஃப்ளாரன்ஸ் வரவில்லை.

அவர் கதை இதுதான். 1968இல் சுமார் 1,40,000 டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இனி தனியாகப் பாடினாலும் 'முன்னாள் சுப்ரீம்ஸ்' என்று விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்பது நிபந்தனை. குழுவுக்குப் பெயர் தேர்ந்தெடுத்தவளுக்கு அந்தப் பெயரைச் சொல்ல உரிமை இல்லை! 1971இல் வழக்குப் போட்டார், தோற்றார். 1975இல் ஒரு பத்திரிகையாளரிடம் தன் கதையைச் சொன்னார். 1976 பிப்ரவரி 22இல் இறந்தார். வயது 32. அந்தப் பேட்டி புத்தகமாக வெளிவந்தது 2008இல். மேரி, டயானா இருவரும் எழுதி முடித்து, படமும் ஓடி ஓய்ந்த பிறகு.

இப்போது சொல்லுங்கள். பேசக்கூடாது என்று வாயைக் கட்டினார்கள், தனிப்பாட்டை எடுத்தார்கள், தள்ளி நிறுத்தினார்கள். அதன்பின் "பதிவில் இல்லை, ஆகவே நடக்கவில்லை" என்று நீங்கள் தீர்ப்பு எழுதினால், அவர்கள் செய்த வேலையை நீங்கள் முடித்துக் கொடுக்கிறீர்கள். சம்பளம்கூட இல்லாமல்!

கல்வெட்டுப் பாடம் நடத்தும்போது உங்களிடம் என்ன கேட்பேன்? வெட்டியது யார், யார் காசில், யாரைப் பற்றி இதில் பேச்சே இல்லை என்று. தானம் கொடுத்த ராஜா பெயர் இருக்கும், கல் சுமந்தவன் பெயர் இருக்காது. அதனால் கல் தானாக நடந்து வந்ததா என்று கேட்டுச் சிரிப்போமே, மறந்துபோயிற்றா? கல்லுக்கு ஒரு நியாயம், டேப்புக்கு ஒரு நியாயமா? மைக் யார் முன்னால் இருந்தது, கத்திரி யார் கையில் இருந்தது என்று டேப்பிடமும் கேளுங்கள். மனுஷர்களிடமும் அதே கண்டிப்போடு கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் வாயைத் திறக்கும் முன்பே "ரெக்கார்டிங் இருக்கா?" என்று செல்போனை நீட்டாதீர்கள்.

தங்கை மகனே, அந்தத் தட்டை இன்னொரு தரம் கேள். இந்த முறை ஃப்ளாரன்ஸை மட்டும் தேடிக்கொண்டு கேள். பிறகு அவர் முன்குரலாகப் பாடிய 1961ஆம் வருடத்து 'பட்டர்ட் பாப்கார்ன்' கேள். அதன்பிறகும் குரல் இல்லை என்று சொன்னால், பெரியம்மா வாயை மூடிக்கொள்கிறேன்.

திட்டுகிறவர்கள் இங்கேயே கீழே திட்டுங்கள். இன்பாக்ஸில் தனியாக வந்து "டீச்சர் கோவிச்சுக்காதீங்க" வேண்டாம். அந்த மூன்றாமவள் மட்டும், முடிந்தால், ஒரு போன் செய். நம்பர் மாற்றவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று டீச்சர்