திரையில் தெரிந்த பத்து டிகிரி

நான்கு மாதங்களாக எடுத்த அளவீடுகளைச் சென்ற வாரம் என் கையாலேயே விலக்கி வைத்தேன். எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எந்தக் கோப்பும் அழியவில்லை. மடிக்கணினித் திரை காட்டிய ஓர் எண்ணை அளவீடு என்று நம்பியதே நான் செய்த பிழை. எஞ்சின் ஆய்வகங்களில் இந்த நம்பிக்கை பரவலாக இருப்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

புனேயில் நான் ஆய்வு செய்யும் இடத்தில் ஒரு பழைய மாருதி ஜிப்ஸி நிற்கிறது. 1.3 லிட்டர் எஞ்சின். முதலில் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்டிருந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, எந்த வேகத்தில், எந்தச் சுமையில், பிஸ்டன் உச்சநிலையை அடைவதற்கு எத்தனை டிகிரி முன்பாகத் தீப்பொறி தர வேண்டும் என்பதே என் ஆய்வுக் கேள்வி. இதற்காக டிஸ்ட்ரிபியூட்டரை அகற்றி, கிராங்க் புல்லியில் 36 பற்களில் ஒன்று நீக்கப்பட்ட சக்கரம் ஒன்றைப் பொருத்தி, தனியே வாங்கிய இசியு ஒன்றை இணைத்திருந்தார்கள். நான் சேர்வதற்கு முன்பே நடந்த வேலை அது.

3,500 சுழற்சி வரையிலும் பாதிச் சுமையிலும் எல்லாம் ஒழுங்காகவே தோன்றியது. முழுச் சுமையில் 4,500-ஐத் தொட்டபோது இழுவை குறைந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு செக்கச் சிவந்தது. எரிபொருள் குறைவு என்று முடிவுகட்டி இரண்டு வாரங்கள் எரிபொருள் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தோம். தீப்பொறி தாமதமானாலும் எரிதல் வெளியேற்றக் குழாய்வரை நீளும், மேனிஃபோல்டு சிவக்கும் என்பது இளநிலைப் பாடம். ஆனால் திரை 26 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்க, டைமிங்கை யார் சந்தேகிப்பார்கள்?

சந்தேகித்தவர் எங்கள் வளாகத்துக்கு வெளியே பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக். நாங்கள் அவரைச் சாச்சா என்போம். "கம்ப்யூட்டர் சொல்வது இருக்கட்டும் மகனே, புல்லி என்ன சொல்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தம் டைமிங் லைட்டை எடுத்து வந்தார். இசியு எந்த வேகத்திலும் 10 டிகிரியே தரும்படி பூட்டினோம். 1,000 சுழற்சியில் புல்லியின் குறி 10-இல் நின்றது. 3,000-இல் 6. 4,500-இல் 3. திரையிலோ கடைசிவரை 10.

இங்கே சிறிது கணக்குப் போட வேண்டும். 4,500 சுழற்சியில் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 27 டிகிரி சுழல்கிறது. 7 டிகிரி விலகல் என்றால் ஏறத்தாழ 0.26 மில்லி விநாடி. மின்னணுச் சுற்றின் இயல்பான தாமதம் இதைவிட மிகச் சிறியது. எனவே சென்சாரைப் பார்த்தோம். காந்தச் சென்சாரின் அலை, பல்லின் நடுப்பகுதி கடக்கும்போது பூஜ்யத்தைச் செங்குத்தாக வெட்டும். இரு பற்களுக்கு இடையில் சாய்வாக வெட்டும். இரண்டு கம்பிகளும் மாறியிருந்தால் இசியு அந்தச் சாய்வான பகுதியைப் பிடித்துக்கொள்ளும். வேகத்தோடு அலையின் உயரமும் மாறுவதால், பிடிக்கும் இடமும் நகரும். ஆஸிலோஸ்கோப்பில் அதுவே தெரிந்தது. கம்பிகளை மாற்றி, சக்கரக் கோணத்தை மீண்டும் உள்ளிட்டதும் 10 டிகிரி எல்லா வேகத்திலும் அசையாமல் நின்றது.

மகிழ்ச்சி ஒரு நாள்தான் நீடித்தது. இப்போது முழுச் சுமையில் நாக்கிங் கேட்டது. புல்லிக் குறியே தவறாக இருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது. லேத் பட்டறையில் புதுக் குறி போட்டபோது, பிளக் துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, அது மேலேறி நின்ற இடத்தை உச்சநிலை என்று கொண்டிருக்கிறார்கள். இந்த அளவு எஞ்சினில் உச்சநிலையிலிருந்து 5 டிகிரி விலகினாலும் பிஸ்டன் இறங்குவது ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கு எட்டாது. பிளக் துளையில் ஒரு தடுப்பைத் திருகி, கிராங்கைக் கையால் ஒரு பக்கம் முட்டும்வரை சுழற்றி ஒரு குறி, மறுபக்கம் முட்டும்வரை சுழற்றி ஒரு குறி, இரண்டுக்கும் நடுவே உண்மையான உச்சநிலை என்று கண்டோம். பழைய குறி 5 டிகிரி தள்ளி இருந்தது. குறியில் 10 என்றது உண்மையில் 15. ஒரு பிழை மற்றொன்றை மறைத்து வைத்திருந்திருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் சக்கரமும் சென்சாரும் அமரும் இடத்தை வடிவமைப்பே உறுதி செய்கிறது. மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயுனோ போன்ற தனி இசியுக்களில் அந்தக் கோணத்தை நாம்தான் தட்டச்சு செய்கிறோம். திரையில் வருவது நம் அனுமானமே. அதை நான்கு தசம இடங்களோடு ஆய்வேட்டில் அச்சிடுகிறோம்.

ஆகவே என் கருத்து இது: தனி இசியு பொருத்திய எஞ்சினைப் பற்றிய எந்த ஆய்வேட்டிலும், உச்சநிலையை எவ்வாறு கண்டார்கள், குறைந்தது மூன்று வேகங்களில் டைமிங் லைட் என்ன காட்டியது என்ற இரண்டு செய்திகளும் இல்லாவிட்டால் நெறியாளர் கையொப்பமிடக் கூடாது. வேலை அரை நாள்தான். (சுற்றுக்கு ஒரு தீப்பொறி தரும் காயில் அமைப்பில், திருகு கொண்ட டைமிங் லைட்டுகள் இரட்டிப்பாகக் காட்டும், திருகைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் குறியை மட்டும் பாருங்கள்.)

"நாங்கள் இரு எரிபொருள்களை ஒப்பிடுகிறோம், பிழை இரண்டுக்கும் பொது" என்ற மறுப்பு வரும். ஒரே காரில், ஒரே வேகத்தில் ஒப்பிட்டால் அந்த மறுப்பில் உண்மை உண்டு. வேகத்துக்கு வேகம் ஒப்பிட்டாலோ, பிறர் வெளியிட்ட மதிப்புகளோடு ஒப்பிட்டாலோ அது நிற்காது. எங்கள் ஜிப்ஸியை வைத்தே ஏற்கப்பட்ட முதுகலை ஆய்வேடு ஒன்று, எத்தனால் கலவைக்கு வேகம் கூடக்கூட வழக்கத்தைவிட அதிக முன்னகர்வு தேவை என்று சொல்கிறது. ஒப்பீட்டுக்கு எடுத்தது நூல்களின் மதிப்புகளை. அந்தக் கூடுதல் தேவை எத்தனாலுடையதா, மாறிப்போன இரண்டு கம்பிகளுடையதா? 20 சதவீத எத்தனால் நாடெங்கும் விவாதமாகியிருக்கும் வேளையில் இந்தக் கேள்வியை ஆய்வகத்துக்குள் வைத்துக்கொள்வது நேர்மையாகாது.

அதை எழுதிய சீனியர் இப்போது வேறு மாநிலத்தில் விரிவுரையாளர். மூன்று நாள் தயங்கி, நேற்றிரவு அவரை அழைத்து அனைத்தையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "3,000-இல் எத்தனை டிகிரி தம்பி? எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எண்களை அனுப்பியிருக்கிறேன். திருத்தக் குறிப்பை இருவரும் சேர்ந்து எழுதப் போகிறோம்.