பட்டையை மாற்றலாமா?

அப்பா விட்டுச்சென்ற அம்பாஸடரின் பின்பக்கம் தொய்ந்துவிட்டது. பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டால் மெத்தைபோல் போகும் என்கிறான் மகன். கொல்கத்தா சாலைகளுக்கு அது நியாயமான ஆசைதான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

பட்டை, பாரத்தைத் தாங்குவதோடு பின் அச்சையும் இடம் பெயராமல் பிடித்துக்கொள்கிறது. காயில் பாரத்தை மட்டுமே தாங்கும். அச்சைப் பிடிக்கத் தனித் தண்டுகள் வேண்டும். அவற்றைப் பாடியில் வெல்டிங் செய்யவேண்டும். துருவேறிய தகட்டில் அந்த வெல்டிங் விட்டுப்போனால்?

கூடுதலாக ஒரு பட்டை சொருகுவதும் தீர்வல்ல. வண்டி உயரும், நம் இடுப்பு ஒடியும். புதிய பட்டை செட், ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் போதும்.

உத்தரபாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டது. மிஞ்சியிருப்பதையும் வெட்டி ஒட்டத்தான் வேண்டுமா? வாசகர்களே, சொல்லுங்கள்.