மதிலுக்குள் ஒரு திண்ணை

சித்தி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், கையில் தூக்குவாளியோடு. பாண்டிச்சேரி ஒயிட் டவுனில் பழைய பிரெஞ்சு வீடு ஒன்றைப் புதுப்பித்துக் கட்டிய பூட்டிக் ஹோட்டல் அது. இரண்டு ராத்திரிக்கு நானும் நண்பனும் பதினெட்டாயிரம் கொடுத்திருந்தோம். முத்தியால்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த சித்தியை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

"வெளிச் சாப்பாடு உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா. விசிட்டர்னா ஐடி காட்டி எழுதணும்."

சொந்த ஊரில் அக்கா மகனைப் பார்க்க யார் ஆதார் கார்டோடு வருவார்கள்?

"பரவால்லடா, நான் இங்கயே நிக்கிறேன். நீ வந்து வாங்கிக்கோ" என்று போனில் சொன்னார் சித்தி.

வாட்ச்மேன் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த விதியை அவர் எழுதவில்லை. கோபம் வந்தது உள்ளே இருந்த ஒன்றின் மேல். முற்றத்தில் சிவப்புத் தரை போட்டு, இரண்டு மரத்தூண் நட்டு, மெத்தை விரித்து ஒரு திண்ணை கட்டியிருந்தார்கள். அதற்குப் பெயர் 'திண்ணை லவுஞ்ச்'. காலையில் அதில் உட்கார்ந்து காபியோடு ஸ்டோரி போட்டவன் நான்தான்.

திண்ணை என்றால் என்ன? வீட்டுக்காரன் தன் இடத்தில் கொஞ்சத்தைத் தெருவுக்கு விட்டுக்கொடுப்பது. வழிப்போக்கன் கேட்காமல் உட்காரலாம், வெயிலுக்கு ஒதுங்கலாம், ராத்திரி படுக்கலாம். பாண்டிச்சேரியின் தமிழ்த் தெருக்களில் திண்ணைக்கு முன்னால் தெருவை ஒட்டித் தாழ்வாரமும் இறக்கியிருப்பார்கள், நடந்து போகிறவர்களுக்கு நிழலாக. எல்லாரும் உட்கார முடிந்ததா என்று கேட்டால், இல்லை. சாதி அங்கேயும் காவல் நின்றது. ஆனால் திண்ணை தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. அதை மதிலுக்குள் தூக்கி வைத்தால் அது திண்ணை இல்லை, சோபா.

இந்த ஊரின் வரைபடத்தைப் பார்த்தாலே விஷயம் புரியும். நடுவில் பெரிய வாய்க்கால். கிழக்கே கடலோரம் பிரெஞ்சுக்காரர்கள்: உயரமான மதில், பெரிய கேட், தோட்டமெல்லாம் உள்ளே. மேற்கே தமிழர்கள்: தாழ்வாரம், திண்ணை, அதற்குப் பிறகுதான் வீடு. அந்தக் காலத்தில் கிழக்குக்கு வெள்ளை நகரம் என்றும் மேற்குக்குக் கறுப்பு நகரம் என்றும் பெயர். தோலின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. பெயர் மட்டும் கைமாறவில்லை. அதை டீ-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறோம், ரீல்ஸில் டேக் போடுகிறோம். சென்னையில் 'பிளாக் டவுன்' என்ற பெயர் 'ஜார்ஜ் டவுன்' ஆகி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே கைவிட்ட பாணிப் பெயரை நாம் பிராண்டாக்கியிருக்கிறோம்.

'அழகா இருக்கு, ரசிச்சுட்டுப் போயேன், எல்லாத்துலயும் அரசியலா?' என்று என் நண்பனே கேட்டான். அழகு எனக்கும் பிடிக்கும். மஞ்சள் சுவரில் காகிதப்பூ விழுந்து கிடந்தால் நானும் நின்று பார்ப்பேன். ஆனால் அந்த ஹோட்டல் சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களைப் பார்த்தேன். தொப்பி போட்ட அதிகாரிகள், குடை பிடித்த துரைசானிகள், கப்பல்கள். 1936 ஜூலை 30-ஆம் தேதி இதே ஊரில், உரிமை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். அவர்களுக்கு அந்தச் சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. மில்லில் தறி ஓட்டியே வாழ்ந்த என் சித்தப்பாவுக்கு அந்தத் தேதி மனப்பாடம். எனக்கு அந்த ஹோட்டலின் வைஃபை பாஸ்வேர்டு மனப்பாடம்.

இன்னொரு வாதம் உண்டு, அது வலுவானது. ஹோட்டல்காரர்கள் இல்லையென்றால் இந்தக் கட்டடங்கள் இடிந்திருக்கும். உண்மைதான். கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேரி கட்டடம் அரசாங்கத்தின் கையில் இருந்தும் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. பிறகு புதிதாகக் கட்டினார்கள். பழைய வீட்டைப் பராமரிக்கப் பணம் வேண்டும், அந்தப் பணம் ஹோட்டலிலிருந்து வருகிறது. சரி. ஆனால் காப்பாற்றியது எதை? மதிலையும் தூணையும் காப்பாற்றினீர்கள். கூடவே கேட்டுக்கு உள்ளே யார், வெளியே யார் என்ற பழைய கணக்கையும் அல்லவா காப்பாற்றியிருக்கிறீர்கள்?

அன்றைய மெனுவில் 'வதுவான் மீன்' என்று ஒன்று இருந்தது. வதுவான் என்பது வேறொன்றுமில்லை, நம் வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் எல்லாம் சேர்த்து உருட்டி வெயிலில் காயவைத்து, தாளிக்கப் போடுவோமே, அதேதான். பிரெஞ்சுக்காரர்கள் நாக்குக்குப் போய்ப் பெயர் மாறித் திரும்பி வந்திருக்கிறது. சித்தியின் தூக்குவாளியில் இருந்தது வடகம் தாளித்த மீன் குழம்பு. வதுவான் டேபிளுக்கு வரலாம், வடகம் கேட்டைத் தாண்டக் கூடாது. ஹோட்டலின் ரசனை என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

நான் என்ன கேட்கிறேன்? ஹோட்டலை இடிக்கச் சொல்லவில்லை. தெருப்பக்கம், மதிலுக்கு வெளியே, நான்கு பேர் உட்காரும்படி ஒரு நிஜத் திண்ணை கட்டுங்கள். விளம்பரத்திலிருந்து 'ஒயிட் டவுன்' என்பதை எடுங்கள். சுவரில் 1936-க்கு ஒரு படம் மாட்டுங்கள். பார்க்க வரும் உறவுக்காரர்களை வேவு பார்க்க வந்தவர்கள் மாதிரி நடத்தாதீர்கள். நம்மிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அறை பிடிக்கும்போது பாத்டப் இருக்கிறதா என்று கேட்கிற வாயால், 'எங்க சித்தி வந்தா உள்ள விடுவீங்களா?' என்றும் கேளுங்கள்.

நான் அன்று அதைக் கேட்கவில்லை. சண்டையும் போடவில்லை. தூக்குவாளியை வாங்கிக்கொண்டு சித்தியோடு கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். சாயங்காலமாகிவிட்டதால் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்தில் ஒரு குடும்பம் சுண்டல் தின்றுகொண்டிருந்தது, கொஞ்சம் தள்ளி ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். யாரும் யாரிடமும் ஐடி கேட்கவில்லை.

"ரூம் நல்லாருக்கா?" என்று கேட்டார் சித்தி.

"நல்லாருக்கு சித்தி" என்றேன். பதினெட்டாயிரம் என்று மட்டும் சொல்லவில்லை.