மலிவு விலை மனிதர்

உலகம் மதியாத ஒன்றின் பெறுமதியை முதலில் உணர்பவனே அறிவாளி என்றொரு கருத்து இன்று வேகமாகப் பரவி வருகின்றது. பங்குச் சந்தையிற் பிறந்த இக்கருத்து விளையாட்டுத் திடலையும் ஆட்கொண்டுவிட்டது. அமெரிக்க உதைபந்தாட்டத்தைச் சூழ்ந்து வளர்ந்துள்ள கற்பனை அணித் தெரிவும் ஆட்டக்காரரின் படம் பொறித்த அட்டைகளில் முதலீடு செய்யும் வழக்கமும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். இவற்றில் ஈடுபடுவோர் தம்மை ஆய்வாளர் என்றே கருதுகின்றனர். அவர்களது உழைப்பை நான் மறுக்கவில்லை. அவ்வுழைப்புக்கு அவர்கள் சூட்டியுள்ள பெயரையே மறுக்கின்றேன்.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைக் கூறிவிடுதல் முறை. 1962ஆம் ஆண்டில் ஓக்லண்ட் நகரத்து அணியோடு தொடர்புடைய வில்பிறட் விங்கன்பாக் என்பவரும் அவருடைய நண்பர்களும் வகுத்த ஆட்டமே கற்பனை அணி ஆட்டம். பத்து அல்லது பன்னிரண்டு பேர் கூடி, உண்மையான ஆட்டக்காரரை முறைவைத்துத் தெரிந்தெடுப்பர். அவ்வாட்டக்காரர் களத்திற் கடக்கும் தூரமும் எதிரணியின் எல்லையைக் கடந்து பெறும் வெற்றிகளும் தெரிந்தெடுத்தவரின் புள்ளிகளாகும். இதிற் கணிப்புத் திறனுக்கு இடமுண்டு. பன்னிரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரு குவாற்றர்பாக்கே தேவை. முப்பத்திரண்டு உண்மை அணிகள் இருப்பதால் இவ்விடத்துக்குப் பஞ்சமில்லை. பந்தேந்தி ஓடுபவரோ ஒவ்வொருவருக்கும் இருவரேனும் வேண்டும், நம்பத்தக்கவர் சிலரே. ஆகவே, புள்ளிகளை மிகுதியாகப் பெறுபவனைத் தேடுவதிலும், அவனை இழந்தால் எளிதில் ஈடுசெய்ய முடியாதவனைத் தேடுவதே அறிவுடைமை. 2023இல் உண்மைத் தெரிவின் ஐந்தாம் சுற்றில், 177ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட பூக்கா நக்குவா அப்பருவத்திலேயே 105 பந்துகளை ஏந்தி, புதுமுகங்களுக்கான சாதனையை நிலைநாட்டினார். அவரைக் கடைசியில் எடுத்து மகிழ்ந்தவரின் மகிழ்ச்சியை நாம் பறிக்க வேண்டியதில்லை.

ஆனால் இத்தகைய ஓர் எடுத்துக்காட்டைக் காட்டி, மறைந்த பெறுமதியை முன்னறியும் கலை ஒன்று உண்டென்று நிறுவ முற்படும்போதுதான் வழக்குத் தொடங்குகின்றது. இவர்கள் ஓயாது உச்சரிக்கும் பெயர் ரொம் பிறேடி. 2000ஆம் ஆண்டின் தெரிவில் 199ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட அவர், ஏழு முறை சம்பியனானார். நியூ இங்கிலண்ட் அணியினரின் தீர்க்கதரிசனத்துக்கு இதனினும் சான்று வேண்டுமா என்று கேட்கின்றனர். நான் கேட்பது வேறு. அவருடைய பெறுமதியை அவ்வணியினர் உண்மையாகவே உணர்ந்திருந்தால், ஆறாம் சுற்றுவரை ஏன் காத்திருந்தனர்? அதற்கு முன் வந்த சுற்றுகளில் மற்றெல்லா அணிகளையும் போலவே அவர்களும் அவரைத் தாண்டித்தான் சென்றனர். 2001 செப்ரெம்பரில் முதன்மை ஆட்டக்காரரான றூ பிளெட்சோ படுகாயமுற்ற பின்னரே பிறேடிக்கு அவ்விடம் கிட்டியது. 2022இல் 262ஆவதாக, அனைவருக்கும் கடைசியாக எடுக்கப்பட்ட புறொக் பேடியின் கதையும் இதுவே. அவருக்கு முன்னிருந்த இருவர் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற்றமையே அவருக்கு வாயிலைத் திறந்தது. காயமெதுவும் நேராத ஆண்டில், அதே வரிசையில் நின்று, எவர் கண்ணிலும் படாமலே வீடு திரும்பியவர் எத்தனை பேர்? அவர்களுடைய பெயர்களை எவரும் எழுதி வைப்பதில்லை. வென்ற சீட்டை மட்டும் காட்டி அதிர்ஷ்டத்தை அறிவென்று சாதிப்பது எவ்வகை ஆய்வு?

அட்டைகளின் கதை இதனினும் வெளிப்படையானது. 1952ஆம் ஆண்டின் ரொப்ஸ் நிறுவன பேஸ்போல் அட்டைகளில் விற்காது தேங்கியவற்றை அந்நிறுவனத்தார் 1960இல் அத்லாந்திக் கடலிற் கொட்டினர். அத்தொகுதியைச் சேர்ந்த மிக்கி மாண்டிலின் அட்டையொன்று 2022இல் 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போயிற்று. கடலில் அமிழ்ந்தவையே கரையில் எஞ்சியதற்கு விலை தந்தன. இதனைக் கண்டு ஆசைப்பட்டோர் 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பெட்டி பெட்டியாக அட்டைகளை வாங்கிப் பூட்டி வைத்தனர். நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டன. எல்லாரும் பாதுகாத்தமையால் அரிதென்று எதுவும் எஞ்சவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை இன்று காகித விலையும் பெறா. அன்றிலிருந்து பாடம் படித்த நிறுவனங்கள் அருமையையே உற்பத்தி செய்யத் தொடங்கின. இத்தனை பிரதிகள் மட்டுமே என்று இலக்கமிட்டு, ஆட்டக்காரரின் கையொப்பத்தையும் இட்டு வெளியிட்டன. நூறு பிரதிகளே அச்சான பிறேடியின் அட்டை ஒன்று 2021இல் மூன்று மில்லியன் டொலருக்கு மேல் விலைபோனது இவ்வகையிலேயே.

நிலம் விளைவு தரும். வைப்புப் பணம் வட்டி தரும். பங்கு இலாபத்திற் கூறு தரும். அட்டை எதைத் தரும்? ஆட்டக்காரர் பெறும் ஊதியத்தில் ஒரு சதமேனும் அட்டை வைத்திருப்பவருக்கு வராது. நாளை மற்றொருவர் இன்னும் அதிகம் தருவார் என்ற எதிர்பார்ப்பொன்றே அதன் வருமானம். எனவே, குறைவாக மதிக்கப்பட்டதை வாங்குகிறேன் என்பவர், அளவுக்கு மிஞ்சி மதிக்கப்போகும் இன்னொருவருக்காகவே காத்திருக்கின்றார். 2019 ஆகஸ்றில் அன்ட்ரூ லக் என்னும் பெயர்பெற்ற ஆட்டக்காரர், காயங்களால் நொந்து, இருபத்தொன்பதாம் வயதில் ஓய்வை அறிவித்தார். அவர் தம் உடலைக் காத்துக்கொள்ள எடுத்த முடிவு, அட்டை வைத்திருந்தோருக்கு நட்டக் கணக்காயிற்று. ஒரு மனிதன் துன்பத்திலிருந்து விடுபடுவது இன்னொருவனுக்கு நட்டமாகுமாயின், அவ்வுறவுக்கு முதலீடு என்பது பொருத்தமான பெயரா?

இவ்விடத்திற்றான் என் வாதத்தின் அடிப்படை இருக்கின்றது. 2023 சனவரி 2ஆம் நாள் சின்சினாற்றித் திடலில் டாமர் ஹம்லின் இதயம் நின்று வீழ்ந்தார். மருத்துவரின் விரைந்த செயலால் உயிர் தப்பினார். அவரும் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்டவரே. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இம்முதன்மைக் கழகத்தில் ஆடி இறந்த 111 பேரின் மூளைகளை ஆராய்ந்து, 110 இல் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் வரும் சிதைவு நோயைக் கண்டது. ஐயமுற்ற குடும்பத்தினர் கொடுத்துதவிய மூளைகளாதலின் எல்லா ஆட்டக்காரருக்கும் அவ்விகிதத்தைப் பொருத்துதல் தவறு. எனினும் அஞ்சுதற்கு அதுவே போதும். மூளைக் காயத்துக்கான நட்டஈட்டுத் திட்டத்தில், கறுப்பின ஆட்டக்காரரின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைந்தது என்று கொள்ளும் அளவுமுறை பயன்பட்டது. அதனால், நோயுற்றும் நோயில்லை என்ற முடிவைப் பெறும் நிலை அவர்களுக்கு நேர்ந்தது. எதிர்ப்புக்குப் பின், 2021இலேதான் அம்முறையைக் கைவிட உடன்பட்டனர்.

குறைவாக மதிக்கப்பட்ட ஆட்டக்காரரைத் தேடுகிறோம் என்போரே, இதோ அவர்கள்! இவர்களின் பெறுமதி குறைக்கப்பட்டது கண்ணுக்குத் தெரியாத புள்ளிவிபரத்திலன்று; எழுதி வைத்த சூத்திரத்தில். ஆயினும் உங்கள் பட்டியலில் இவர்கள் இல்லை. ஏனெனில் இக்குறைமதிப்பைத் திருத்துவதால் வாங்கி விற்போருக்கு ஊதியமில்லை.

விளையாட்டை விளையாட்டாகக் கொள்ளலாகாதா, எதற்கு இத்தனை கண்டனம் என்று சிலர் வினவக்கூடும். தாராளமாகக் கொள்ளுங்கள். நண்பர் கூடிக் கற்பனை அணி அமைப்பதிலோ, விரும்பிய ஆட்டக்காரரின் படத்தைச் சிறுவனொருவன் புத்தகத்துள் வைத்துப் போற்றுவதிலோ குற்றமில்லை. அச்சிறுவன் அவ்வாட்டக்காரர் நலமாயிருக்க வேண்டும் என்றே விரும்புகின்றான். முதலீட்டாளர் விலை ஏறவேண்டும் என்று விரும்புகின்றார். இவ்விரு விருப்பங்களும் ஒத்துப்போகும் நாளில் வேறுபாடு புலப்படாது. ஆட்டக்காரர் நிலத்தில் வீழ்ந்து எழாத நாளில் புலப்படும். அந்நாளில் முதலிற் படத்தைப் பார்க்கிறோமா, விலையைப் பார்க்கிறோமா என்பதே நம்மை அளக்கும் அளவுகோல்.