பிடியரிசியும் பிங்கோவும்

கல்லூரிக்கு உதவவேண்டும் என்னும் ஆர்வம் பழைய மாணவராகிய நம்மெல்லாரிடத்தும் உண்டு. விழாக் காலங்களில் அதனை எவ்வாறு வெளிப்படுத்துகிறோம்? பிங்கோச் சீட்டொன்றை வாங்கி, 1 முதல் 90 வரையுள்ள எண்களில் நம்முடையவை கூறப்படுமோ எனக் காத்திருக்கிறோம். நமக்கு வந்து, திறவாமலே அலுமாரியிற் கிடந்த அன்பளிப்பொன்றைப் பரிசுப்பொருளாக அனுப்புகிறோம். ஆட்டம் முடிந்ததும், கதிரைகளை அடுக்கும் சில இளைஞரைக் கடந்து வீடு செல்கிறோம்.

இவற்றைக் குற்றமென்று கூறவில்லை. பயன்படாத பொருள் பயன்கொள்வாரை அடைதல் நன்றே. சீட்டுப் பணமும் கல்லூரிக்கே சேர்கிறது. ஆயினும், ஒன்று மிச்சத்தைக் கொடுத்தல். மற்றது பெறுதலை விரும்பிக் கொடுத்தல். இவற்றையே ஈகையென்றெண்ணி மனநிறைவு கொள்வதுதான் நம் பிழை.

1848ஆம் ஆண்டு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். அவ்வழி வளர்ந்த சைவக் கல்விப் பணிக்கு இல்லங்களிற் பிடியரிசி சேர்க்கப்பட்டது. அரிசியை உலையிலிடுமுன்பே ஒரு பிடி வேறாக வைக்கப்பட்டது, உண்டபின் எஞ்சியதன்று. வறியவரும் கொடுக்கக்கூடிய அளவு அது. கைம்மாறு கருதாத கொடையும் அது.

இன்று நமக்கு அரிதாயிருப்பது பொழுதே. வாரத்தில் ஒரு மணி நேரத்தை, பிற அலுவல்களுக்குப் பங்கிடுமுன், கல்லூரிக்கென ஒதுக்குவோமாக. நூலகத்தில் நூல்களை ஒழுங்குசெய்யலாம்; கணிதத்திற் பின்தங்கிய மாணவனுக்குத் துணைநிற்கலாம்; விழா முடிவிற் கதிரையும் அடுக்கலாம். அதுவே நமது பிடியரிசி. பிங்கோவை அதன்பின் ஆடுவோம்.