கற்பிக்காத தேர்வும் கல்லாத பட்டமும்

2021 நவம்பரில் மதுரையிலும் சென்னையிலும் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினர். இணையவழியில் நடத்திய பாடத்திற்கு இணையவழியிலேயே தேர்வு வேண்டும் என்பது அவர்தம் முழக்கம். உடனே, கற்றறிந்தோர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வார் சினந்தெழுந்தனர். இணைய வகுப்பு வேண்டாவென முனகியவர்களே இணையத் தேர்வு வேண்டுமெனக் கூவுகின்றனர்; பார்த்தெழுதித் தேற விரும்பும் சோம்பேறிக் கூட்டம் இது என்று பழித்தனர்.

பழித்தோர் ஒருகணம் எண்ணிப் பார்த்தனரா? வகுப்பின்மீது மாணவர்க்கு வெறுப்பு வந்த கரணியம் என்ன?

2020 மார்ச்சில் கொரோனா என்னும் கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கல்லூரிகளை மூடியது குற்றமன்று. மூடிய கல்லூரியை இணையத்தில் திறந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டதே குற்றம். இந்திய அரசே 2017-18இல் எடுத்த ஆய்வின்படி, இணைய ஏந்து உள்ள வீடுகள் நூற்றுக்கு 24கூட இல்லை, நாட்டுப்புறத்திலோ 15தான். கணினியுள்ள வீடுகள் நூற்றுக்கு 11க்கும் குறைவு. இதனை அறிந்திருந்தும், எல்லார்க்கும் பாடம் சென்று சேர்ந்ததாகக் கணக்கெழுதினர். தமிழக அரசு 9.69 இலக்கம் மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 கிகாபைட்டு இணையத் தரவு தருவதாக அறிவித்தது 2021 சனவரியில்! இடைப்பட்ட பத்துத் திங்களும் ஏழை மாணவன் எதனைக் கொண்டு கற்றான்?

கருவி கிடைத்தவனுக்கேனும் கல்வி கிடைத்ததா? மாணவன் முகம் நோக்கி, அவனுக்கு விளங்காமையை உணர்ந்து, மீண்டும் சொல்வதன்றோ கற்பித்தல்! ஆங்கில நூற்பாடத்தை ஆசிரியர் வகுப்பில் தமிழில் விளக்கக் கேட்டே தேறிவந்த சிற்றூர்ப் பிள்ளை, கைப்பேசித் திரைமுன் தனித்து விடப்பட்டான். ஆய்வுக்கூடத்தில் கையால் செய்தறிய வேண்டியதைக் கண்ணால் பார்த்தே அமைந்தான். அவனது வெறுப்பு சோம்பலன்று; ஏமாற்றப்பட்டவனின் கசப்பு.

இவ்வளவிற்கும் இடையே, இறுதியாண்டுத் தேர்வுகளைச் செபுதம்பருக்குள் நடத்துக எனப் பல்கலைக்கழக நல்கைக் குழு 2020 சூலையில் பணித்தது. உச்ச முறைமன்றமும் ஆகத்து 28இல், தேர்வின்றிப் பட்டமில்லை என்றது. தேர்வு நடந்ததா என்று எல்லாரும் கேட்டனர். பாடம் நடந்ததா என்று கேட்டவர் எத்துணைப் பேர்?

எனினும், மாணவர் பக்கமும் பிழையுண்டு. அதனை மறைப்பது அவர்க்குச் செய்யும் நன்மையாகாது. இறுதிப் பருவம் நீங்கலாக, கட்டணம் செலுத்தியோர்க்கு நிலுவைத் தேர்வு எழுதாமலே தேர்ச்சி எனத் தமிழக முதலமைச்சர் 2020 ஆகத்தில் அறிவித்தபோது, வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டிக் களித்தோர் பலர். தம் கல்வி பறிபோனதற்கு ஈடாக ஒரு தாள் கிடைத்ததென்று மகிழ்ந்த அறியாமை அது! 2021இலும் தேர்வு எவ்வழி என்பதற்கே போராடினர். தேர்வு சனவரிக்குத் தள்ளப்பட்டது. நோயின் மூன்றாம் அலை வரவே, 2022 பிப்பிரவரியில் வீட்டிலிருந்தே எழுதினர். கேட்டது கிடைத்தது, இழந்தது கிடைத்ததா?

அவர்கள் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே: ‘எங்களுக்கு மீண்டும் கற்பியுங்கள்!’ விடுபட்ட பாடத்திற்கு வகுப்பறை, விடுபட்ட செய்முறைக்கு ஆய்வுக்கூடம், அதன்பின் தேர்வு. இக்கோரிக்கையை எந்த அரசாலும் சோம்பல் எனத் தள்ளியிருக்க முடியாது.

அன்றைய மாணவர் இன்று ஆசிரியராகவும் பொறியாளராகவும் பணி தேடியும் நிற்கின்றனர். கற்பிக்காமல் தேர்வு கேட்கும் அரசுக்கும், கல்லாமல் பட்டம் கேட்கும் இளைஞனுக்கும் இடையே மாய்வது கல்வியே. அடுத்த கொள்ளைநோய் வருமுன் இதனை இருவரும் உணர்வாராக!